வெட்டு மொட்டுக்கு மேலேயா, கீழேயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கேள்வி–பதில் பகுதியில் ஒரு வாசகர், தாம் நட்ட சீமை அத்திக் கன்று பக்கக் கிளை ஒன்றுகூட விடாமல் ஒற்றைக் குச்சியாக ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்பதாகவும், நுனியை வெட்ட மனம் வரவில்லை என்றும், வேறு வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். அதற்கு, 'கிளை வேண்டிய இடத்தில் உள்ள மொட்டுக்குக் கீழே பிறை வடிவில் பட்டையை வெட்டி எடுங்கள். நுனியிலிருந்து இறங்கிவரும் வளர்ச்சி ஊக்கி அந்த வெட்டில் தடைபட்டு மொட்டில் தேங்கும். மொட்டு தளிர்த்துக் கிளையாகும்' என்று பதில் தரப்பட்டிருந்தது. மேலோட்டமாகப் படிக்கும்போது மிகவும் பொருத்தமாகத் தோன்றும் இந்தப் பதிலில் ஒரே ஒரு சொல் தவறு. வெட்டு மொட்டுக்குக் கீழே அல்ல, மேலே விழ வேண்டும்.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நெல்லிலோ கடலையிலோ இந்தப் பருவம் செய்த பிழையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மரப்பயிரில் அப்படியில்லை; இன்று விழும் கத்தித் தடம் பல ஆண்டுகளுக்கு அந்த மரத்தின் உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. மேலும், இந்தப் பிழை அச்சுப் பிழையன்று. பதிலோடு காரணமும் சொல்லப்பட்டிருப்பதால் அது ஒரு கருத்துப் பிழை என்று தெரிகிறது. பள்ளியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில், நன்கு படித்தவர்களிடமும் இதே பிழையைப் பலமுறை கண்டிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் பதிலில் சரியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சின் என்னும் ஹார்மோன் நுனி மொட்டிலும் இளந்தளிர்களிலும் உருவாகித் தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது என்பது உண்மை. பட்டையை வெட்டினால் அந்த இறக்கம் தடைபடும் என்பதும் உண்மை. தவறியது அடுத்த படியில்தான். வளர்ச்சி ஊக்கி என்று நாம் வைத்திருக்கும் பெயரைக் கேட்டவுடன், அது எங்கே தேங்கினாலும் அங்கே வளர்ச்சி பெருகும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. பக்க மொட்டைப் பொறுத்தவரை ஆக்சின் ஊக்கி அன்று, கடிவாளம். தண்டில் அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை மொட்டு உறங்கும். இறக்கம் நின்றால் விழிக்கும். மொட்டுக்கு மேலே வெட்டினால் மேலிருந்து வரும் ஆக்சின் அந்த மொட்டைக் கடந்து போகாது. கீழே வெட்டினால், கடந்து போவதோடு அங்கேயே தேங்கியும் நிற்கும். கடிவாளம் இன்னும் இறுகும். ஆப்பிள் தோட்டக்காரர்கள் மொட்டுக்குக் கீழே கீறுவதும் உண்டுதான். ஆனால் அது கிளை வரவழைக்க அன்று, மொட்டின் வீரியத்தை அடக்குவதற்கு. புனே வட்டாரத்து அத்தித் தோட்டங்களில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறையிலும் உறங்கும் மொட்டுக்கு மேலேதான் பட்டையைச் சிறு துண்டாக எடுக்கிறார்கள்.

பதில் எழுதியவர் எங்கே தடம் மாறியிருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் மனத்தில் விண்பதியம், அதாவது மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் வரவழைக்கும் முறை, இருந்திருக்க வேண்டும். விண்பதியத்தில் ஹார்மோன் தேங்குவதால்தான் பலன் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பலன் தளிர் அன்று, வேர். என் வீட்டு மாதுளையில் ஆண்டுதோறும் நான் செய்வதையே சொல்கிறேன். பென்சிலைவிடச் சற்றுப் பருமனான கிளையில், இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் கத்தியால் இரண்டு வட்டங்கள் கீறி, இரண்டையும் இணைக்க ஒரு நெடுக்குக் கீறல் போட்டு, நகத்தை நுழைத்து நெம்பினால், மழைக்குப் பின் கிளை துளிர்ப்பில் இருக்கும் நாட்களில் பட்டை சட்டை கழற்றியதுபோல் முழு வளையமாகக் கையோடு வந்துவிடும். உள்ளே வெள்ளைக் கட்டை ஈரமாக மினுங்கும். விரலால் தடவினால் விளக்கெண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். அந்த வழுக்கலை அசட்டையாக விட்டுவிடக் கூடாது. அதுதான் கேம்பியம் என்னும் வளர்படை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்துகொண்டு உள்ளே புதுக் கட்டையையும் வெளியே புதுப் பட்டையையும் ஈனும் மெல்லிய படலம். நான் முதன்முதலில் பதியம் போட்டபோது, கத்தியின் முதுகால் அதைச் சுரண்ட வேண்டும் என்பது தெரியாமல் அப்படியே தேங்காய் நாரை வைத்துக் கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஆசையோடு பாலித்தீனைப் பிரித்தால் ஒரு வேர்கூட இல்லை. வெட்டிய இடத்தில் பச்சைப் பட்டை பாலம் போட்டுக்கொண்டு, 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்பதுபோல் இருந்தது. கீழே இறங்க வேண்டியது எல்லாம் அந்தப் பாலத்தின் வழியே இறங்கிப் போயிருக்கிறது.

ஒழுங்காகச் சுரண்டிக் கட்டிய கிளையில் ஐந்தாறு வாரங்களில் நடப்பதைக் கவனித்தால் இந்தக் கடிதத்தின் சாரம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. வளையத்தின் மேல் உதடு தடித்துப் புடைக்கும். அந்தப் புடைப்பிலிருந்து வெண்ணிற வேர்கள் கீழ்நோக்கிக் கிளம்பும். கீழ் உதடு காய்ந்து சப்பையாகவே இருக்கும். அங்கிருந்து வேர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கீழ் உதட்டுக்கு ஒன்றிரண்டு கணு கீழே, அதுவரை அசையாமல் இருந்த மொட்டுகள் சிவந்த தளிர் விட்டுக் கிளம்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கிளை ஒன்று, வெட்டு ஒன்று, இறங்கிவரும் பொருளும் ஒன்று. ஆனால் வெட்டுக்கு மேலே வேர், வெட்டுக்குக் கீழே தளிர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் அத்தி வாசகருக்கு எங்கே கீற வேண்டும் என்ற ஐயமே எழாது. (வேர் வருவதற்கு ஆக்சின் மட்டுமே காரணம் அன்று, இலைகளில் தயாராகிப் பட்டை வழியே இறங்கும் சர்க்கரையும் அதே மேல் உதட்டில் தேங்குகிறது. கட்டைப் பகுதியை நாம் தொடாததால் தண்ணீர் மட்டும் வழக்கம்போல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கிளை வாடாமல் இருப்பது அதனால்தான்.)

ஆக்சின் கீழே இறங்குவது புவியீர்ப்பினால் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று என்பது ஆக்சின் என்ற பெயரே பிறப்பதற்கு முன்பு, 1878இல், ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோக்டிங் செய்த ஒரு சோதனையிலிருந்தே புலப்படுகிறது. வில்லோ மரத்தின் குச்சிகளை ஈரக்காற்று நிறைந்த அறையில் சிலவற்றை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். தலைகீழாகத் தொங்கிய குச்சியிலும், மரத்தில் இருந்தபோது எது அடியோ அந்த முனையில்தான் வேர் மிகுதியாக வந்தது. அது அப்போது மேலே இருந்தது. நுனியாக இருந்த முனை தரையைப் பார்த்துக்கொண்டே தளிர் விட்டது. எது தலை, எது கால் என்பதைக் குச்சி மறப்பதில்லை. நம் ஊரில் முருங்கைப் போத்தும் பூவரசம் போத்தும் நடுகிறவர்கள் அடி முனையைச் சாய்வாகவும் தலை முனையை நேராகவும் சீவி அடையாளம் வைத்துக்கொள்வதற்கு இந்த விஞ்ஞானம் யாரும் சொல்லித் தரவில்லை; தலைகீழாக நட்டுக் கெடுத்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

இந்த நினைவு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது என்பதுதான் விடை. 1974இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரூபரி, ஷெல்ட்ரேக் ஆகிய இருவரும், அடுத்த ஆண்டு ரேவன் என்பவர் தனியாகவும் முன்வைத்த விளக்கம் இன்றளவும் அடிப்படையில் நிலைத்து நிற்கிறது. ஆக்சின் ஒரு மென் அமிலம். உயிரணுக்களின் சுவர்ப் பகுதி சற்றுப் புளிப்பானது. அதன் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு மிகும்) சுமார் 5.5. அந்தப் புளிப்பில் ஆறில் ஒரு பங்கு ஆக்சின் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாக இருக்கும். அது சவ்வைக் கடந்து உயிரணுவுக்குள் நுழைந்துவிடும். உள்ளே பிஎச் 7. அங்கே வந்ததும் ஆக்சின் ஏறக்குறைய முழுவதும் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. மின்னூட்டம் பெற்றது சவ்வைக் கடக்காது. நுழைந்தது நுழைந்ததுதான், மீன் பிடிக்கும் பத்தைக் கூட்டுக்குள் போனதுபோல் மாட்டிக்கொள்கிறது. வெளியேற வேண்டுமானால் அதற்கென்றே உள்ள புரத வாயில்கள் வழியாகத்தான் முடியும். அந்த வாயில்கள் உயிரணுவின் எல்லாப் பக்கத்திலும் இல்லை, அடிப்பக்கச் சவ்வில் குவிந்திருக்கின்றன. எனவே எந்தப் பக்கம் நுழைந்தாலும் வெளியேறுவது அடிப்பக்கம்தான். அங்கிருந்து அடுத்த உயிரணு, அதன் அடிப்பக்கம், மீண்டும் அடுத்தது. குச்சியைத் தலைகீழாகத் திருப்பினால் வாயில்களும் சேர்ந்து திரும்புகின்றன; ஆக்சின் அதே பழைய அடியை நோக்கியே போகிறது, இப்போது அது வானத்தைப் பார்த்திருந்தாலும்.

அந்த வாயில் புரதங்களுக்கு 'பின்' (ஆங்கிலத்தில் PIN, குண்டூசி) என்று பெயர். கடுகுக் குடும்பத்துக் களைச் செடியான அரபிடாப்சிஸில், பூக்களும் கிளைகளும் இல்லாமல் ஊசிபோல் மொட்டையாக நிற்கும் தண்டு கொண்ட ஒரு பிறழ்வு வகையை 1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அதன் தோற்றத்தால் வந்த பெயர் அது. அந்தச் செடியில் பழுதாகியிருந்த மரபணு இப்புரதத்துக்கு உரியது என்பதும், புரதம் உயிரணுவின் அடிப்பக்கத்தில் அமர்ந்திருப்பதும் 1998இல் வெளியாயின. வேதியியலும் நுண்ணோக்கியும் அங்கே வந்து ஒன்றுசேர்ந்தன.

வாயில் விட்டு வாயிலாக நடந்து போகும் பொருள் வேகமாகப் போக முடியாது. ஆக்சின் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. கட்டை வழியே ஏறும் நீர், அகன்ற குழாய்கள் கொண்ட மரங்களில் நண்பகலில் மணிக்கு மீட்டர் கணக்கில் செல்லும். பட்டை வழியே இறங்கும் சர்க்கரைக் கரைசலும் பல மரங்களில் மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று போகும். ஆக்சினின் கணக்குப்படி 10 மீட்டர் உயர மரத்தின் உச்சித் தளிரில் இன்று புறப்பட்டது தரைமட்டத்தை எட்ட 1000 மணி நேரம், அதாவது ஆறு வாரம் ஆகும். முதிர்ந்த இலைகளிலிருந்து ஓரளவு ஆக்சின் சர்க்கரையோடு கலந்து பட்டைக் குழாய்களிலும் வேகமாக இறங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் திசையறிந்து செல்வது மெதுவாகச் செல்லும் அந்த நடைதான். கடையில் புட்டியில் விற்பதை இலையில் தெளித்து ஒரு வாரத்தில் வேர் வளர்ச்சி கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மரத்தண்டில் இந்த நடைபாதை எது? பாடப் புத்தகத்தில் நாம் படித்தது ஓட்ஸ் நாற்றின் முளைக்குருத்து உறை. 1880இல் சார்லஸ் டார்வினும் மகன் ஃபிரான்சிஸும் கேனரிப் புல் நாற்றில் ஒளியை நுனி உணர்கிறது, வளைவு அதற்குக் கீழே நிகழ்கிறது என்று காட்டியதும், 1920களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வென்ட் என்ற ஆய்வாளர் அந்த நுனிப் பொருளை அகார் என்னும் கூழ்த் துண்டில் சேகரித்ததும் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். (அதே நகரில் 1930களில் கோகல் குழுவினர் ஆக்சினை மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும், ஆனால் அந்த ஆண்டு முழுவதும் யாரும் ஆக்சினை மறக்க மாட்டார்கள்.) ஆனால் அது புல்லின் கதை. மரத்துக்கு வரும்போது பாதை, முன்னே சொன்ன அந்த வழுக்கும் படலமான கேம்பியமும் அதை ஒட்டிய இளம் திசுக்களும்தான். ஸ்வீடனின் உமியோ நகர ஆய்வாளர்கள் 1990களில் ஸ்காட்ஸ் பைன் மரத்தண்டை, தலைமயிரின் பருமனைவிட மெல்லிய சீவல்களாகப் பட்டையிலிருந்து கட்டை வரை வரிசையாகச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஆக்சினை அளந்தார்கள். கேம்பியத்தில் உச்சம், பட்டைப் பக்கமும் கட்டைப் பக்கமும் சில சீவல்களுக்குள்ளேயே சரசரவென்று சரிவு. ஓர் உயிரணு பிரிந்துகொண்டே இருக்க வேண்டுமா, அகன்று கட்டையாக முதிர வேண்டுமா என்பதற்கு இந்தச் சரிவில் அது நிற்கும் இடமும் ஓர் அடையாளமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நுனியிலிருந்து அடிக்குச் செல்லும் பொருள், போகிற வழியில் மரத்தைப் பருக்கவும் வைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

இதைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். வேப்ப மரத்தைச் சுற்றி விளம்பரத் தட்டிக்காக என்றோ கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டிருந்தால், கம்பிக்கு மேலே மரம் கழுத்துக் கழலைபோல் வீங்கியிருக்கும். கீழே ஒல்லியாக இருக்கும். கம்பி மரத்தை இறுக்கவில்லை, மரம் பருத்துக் கம்பியில் இறுகிக்கொள்கிறது. கீழே போக வேண்டிய சர்க்கரையும் ஆக்சினும் மேலேயே நின்றுவிடுகின்றன. அந்த வீக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே ஓட்டத்தின் திசை தெரிந்துவிடும்; கருவி எதுவும் வேண்டியதில்லை.

இன்னும் துணிச்சலான சோதனை ஒன்றும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் மரத்தோட்டத்தில் கார்ல் சாக்ஸ் 1950களில், இளம் ஆப்பிள் மரங்களின் அடித்தண்டிலிருந்து பட்டையை ஒரு வளையமாகக் கழற்றி, அதைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் பொருத்திக் கட்டினார். பட்டை ஒட்டிக்கொண்டது, மரம் பிழைத்தது, ஆனால் வளர்ச்சி குன்றி, உரிய வயதுக்கு முன்பே பூத்துக் காய்த்தது. நாளடைவில் வளையம் கூடிய தையல் இடத்தில் சரியான திசையுடைய புதுத் திசு உருவாக, மரம் பழைய வேகத்துக்குத் திரும்பியது. இலையும் வேரும் நீரும் எதுவும் மாறவில்லை. இரண்டு விரல்கடை அகலப் பட்டையின் தலை கால் மாறியது, அவ்வளவுதான்.

இனி, பக்க மொட்டு ஏன் உறங்குகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 1933இல் அமெரிக்காவில் திமானும் ஸ்கூகும் ஃபாபா அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சின் கலந்த அகாரை வைத்தார்கள். நுனி இருப்பதாகவே நினைத்துப் பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. நுனி ஆதிக்கம் என்று பாடத்தில் வருவது இதுதான். ஆனால் பிற்பாடு கதிரியக்கக் குறியிட்ட ஆக்சினைக் கொண்டு பார்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது: தண்டில் இறங்கும் ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை. நுழையாத பொருள் எப்படி அடக்குகிறது? பலர் ஏற்கும் ஒரு விளக்கம் இது. மொட்டு வளர வேண்டுமானால் தன் ஆக்சினைத் தண்டுக்குள் இறக்கிவிட வேண்டும். ஆற்றில் வெள்ளம் கரை முட்ட ஓடும்போது பக்கத்து ஓடைத் தண்ணீர் அதில் இறங்க முடியாமல் எதிர்த்துக்கொண்டு நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தண்டு நிறைய நுனியின் ஆக்சின் ஓடும்போது மொட்டின் நிலையும் அதுதான். மேலே வெட்டு விழுந்தால் ஆறு வடிகிறது, ஓடை இறங்குகிறது. பெரும்பாலும் வேரில் உருவாகி மேலேறும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் ஹார்மோனும் கிளை விடுவதை அடக்குகிறது என்பது 2008இல் தெரியவந்தது.

இதுவும் முழுக் கதை அன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் பட்டாணிச் செடியில் காட்டியது என்னவென்றால், நுனியைக் கிள்ளியவுடன் கீழுள்ள மொட்டுகள் அசையத் தொடங்குகின்றன, அந்த இடத்தில் ஆக்சின் குறைவதற்கு வெகு நேரம் முன்பே. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் செய்தி அவ்வளவு விரைவில் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நுனி இல்லாமல் போனதால் மிச்சமான சர்க்கரை மொட்டுகளுக்குப் பாய்வதே முதல் அழைப்பு. ஆக்சினின் குறைவு பின்னர் வந்து அந்த விழிப்பை நிலைப்படுத்துகிறது. தோட்டக்காரருக்கு இதில் ஒரு பயன் உண்டு. இலையுதிர்ந்து, உணவுச் சேமிப்பும் வற்றி, நோஞ்சானாக நிற்கும் செடியில் எத்தனை சரியாகக் கீறினாலும் மொட்டு விழிப்பது அரிது. வீரியமாக வளரும் குச்சியில்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

மேல்நோக்கிச் செல்பவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேரில் உருவாகும் சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் கட்டைக் குழாய்களில் நீரோடு ஏறி வருகிறது. இதற்கு வாயில்காப்போர் யாரும் இல்லை, நீர் போகிற இடத்துக்கு அதுவும் போகும். மொட்டை விழிக்க வைப்பதில் அதற்கும் பங்குண்டு. மொட்டுக்கு மேலே போடும் கீறல் கட்டையை மெல்லத் தொட்டு நின்றால் ஏறிவரும் நீரோட்டமும் அந்த இடத்தில் சற்றுத் தடைபட்டு மொட்டுக்குக் கிடைக்கும் என்பது தோட்டக்கலையினர் கூறும் கூடுதல் காரணம். மா மரத்தில் பூ வரவழைக்க அடிமரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றும் பேக்லோபுட்ரசால் என்ற வேதிப்பொருளும் இந்த ஏறு பாதையில்தான் செல்கிறது. அது ஹார்மோன் அன்று, தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்னும் ஹார்மோன் உருவாவதைத் தடுப்பது. அது மண்ணில் நீண்ட காலம் தங்கும் என்பதால் அளவு மீறி ஊற்றுவதை ஊக்குவிக்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அது தனிக் கடிதத்துக்கு உரிய பொருள்.

என் தொழில் குறித்தும் ஒரு வார்த்தை. இத்தனை ஆண்டுகளில் கரும்பலகையில் ஓட்ஸ் நாற்றின் வளைவை நான் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓட்ஸ் நாற்றை என் மாணவர்கள் எவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே புங்க மரமும் கொய்யாவும் நின்றுகொண்டிருந்தன. இரண்டு வளையக் கீறல்களைப் போட்டுக் காட்டியிருந்தால் ஒரே பருவத்தில் மேலுதடும் கீழுதடும் அவர்களுக்கு மறக்காத பாடமாகியிருக்கும். அதைச் செய்யாமல் ஓய்வு பெற்ற பிறகு செய்துகொண்டிருக்கிறேன்.

அத்தி வாசகருக்காகச் செய்முறையைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கிளை வேண்டிய மொட்டைத் தேர்ந்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, கூரிய கத்தியால், கட்டையைத் தொடும் ஆழத்துக்குப் பிறை வடிவில் பட்டையை எடுக்க வேண்டும். வெட்டு தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது. முழு வளையமாக எடுத்தால் அதற்குக் கீழுள்ள வேருக்கு உணவு போகாது. அத்தியில் பால் வடியும். கையில் பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும் என்பதால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். மூன்று நான்கு மொட்டுகளை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அவை தண்டின் வெவ்வேறு பக்கங்களில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியாவது விட்டு இருக்கட்டும். செடி புதுத் துளிர் விடுவதற்குச் சற்று முன்னதான நாட்களே இதற்கு ஏற்றவை.

பதிலைப் படித்த கையோடு மொட்டுக்குக் கீழே வெட்டிவிட்டவர்கள் இருந்தால் அவர்கள் பதற வேண்டியதில்லை. அந்தக் காயத்தைக் கிளறாமல், பசையோ சாணமோ அப்பாமல் விட்டுவிட்டால் ஓரப் பட்டை வளர்ந்து தானாக மூடிக்கொள்ளும். அதே மொட்டுக்கு மேலேயும் இப்போதே ஒரு கீறல் போட்டு இரண்டு காயங்களுக்கு நடுவில் அதைத் தனியே நிறுத்த வேண்டாம். ஒரு சாண் தள்ளி, வேறு பக்கத்தில் உள்ள மொட்டு ஒன்றைப் பார்த்து, அதற்கு மேலே வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.